அவருடைய சனிக்கிழமை

செருப்பு வார் பதிந்த தடம் இருட்டும் வரை அவர் காலில் மறையாமல் இருந்தது. நோய் எங்கள் வீட்டுக்கு வந்ததை நான் முதலில் பார்த்தது அங்கேதான். நான் தையல்காரி. திருப்பாதிரிப்புலியூரில் வீட்டு முன்னறையிலேயே மிஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறேன். எது இறுகினாலும் தளர்ந்தாலும் என் கண்ணில் பட்டுவிடும். கட்டைவிரலால் அவர் காலை அழுத்திப் பார்த்தேன். குழி விழுந்தது. அது மேலே எழும்பவே இல்லை.

"என்னா மாமா இது, காலு பன்னு மாதிரி இருக்குது?"

"நாள் முச்சூடும் நின்னுகிட்டே வேல பாக்கறன்ல, அதான்."

என் கணவர் செல்வராசு மோட்டாருக்குச் செப்புக் கம்பியில் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். அது உட்கார்ந்து பார்க்கிற வேலை. பொய் சொல்வதற்குக்கூட அவருக்குச் சரியாக வராது.

இது நடந்தது 2008இல். டயாலிசிஸ் அறைக்கு வெளியே இரும்பு நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் யாரோ ஒருவருக்காக இதை எழுதுகிறேன். மருத்துவம் சொல்லித்தர எனக்குத் தகுதி இல்லை; உங்கள் டாக்டர் சொல்வதைக் கேளுங்கள். சாப்பாட்டைப் பற்றி மட்டும் எனக்கு ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. அதைச் சொல்ல அவருடைய சனிக்கிழமையிலிருந்து தொடங்க வேண்டும்.

2004 கடைசியில் கடல் ஊருக்குள் வந்தபோது, உதவிக்கென்று தேவனாம்பட்டினத்துக்கு ஓடியவர்களில் அவரும் ஒருவர். அங்கே என்ன பார்த்தார், எதைத் தூக்கினார் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அதன்பிறகு கடலூரில் யாரும் மீன் வாங்கவில்லை. கடல் இழுத்துப் போனவர்களை மீன் தின்றிருக்கும் என்ற பேச்சு எல்லா வீட்டிலும் இருந்தது. எல்லாம் இழந்து நின்ற மீன்காரர்களின் வயிற்றில் அது இன்னொரு முறை அடித்தது. சில மாதங்களில் பேச்சு ஓய்ந்தது. மறுபடி எல்லா வீட்டிலும் மீன் குழம்பு கொதித்தது, எங்கள் வீட்டிலும்தான்.

முதல் நாள் குழம்பை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவாமலே உட்கார்ந்திருந்தார்.

"பயந்துக்கினு நிறுத்துனோம். பயம் போச்சு, திங்கறோம். இதுல நம்ம கையில என்னா இருக்குது? நானா வாரத்துல ஒரு நாளு கறி மீன நிறுத்திப் பாக்கப் போறேன்."

அவர் தேர்ந்தெடுத்தது சனிக்கிழமையை. பெருமாளுக்காக என்று எல்லோரும் நினைத்தார்கள். கேட்டவர்களிடம், "பெருமாளுக்கு இல்லீங்க, எனக்கு" என்பார். சனிக்கிழமைதான் கடையில் வேலை செய்கிறவர்களுக்குச் சம்பளம். அன்று மாலை எல்லோரும் சேர்ந்து புரோட்டாக் கடைக்குப் போய்க் கறி வறுவல் சாப்பிடுவது அவர்கள் வழக்கம். வாரத்திலேயே அவருக்கு ருசியான நாள் அதுதான். விடுவதென்றால் அதை விட்டுப் பார்க்க வேண்டும் என்றார். அவர்களோடு போய் உட்கார்ந்து வெறும் தோசை சாப்பிட்டுவிட்டு வருவார்.

நான் நம்பவில்லை. "பாக்கலாம், எத்தினி வாரத்துக்குன்னு" என்று கிண்டல் செய்தேன். சனிக்கிழமை பார்த்து அவர் எதிரிலேயே கருவாடு சுட்டுத் தின்றேன். அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "சுடு, சுடு, வாசனைக்கு வெரதம் இல்ல" என்று சிரிப்பார். இப்படியே வருடங்கள் ஓடின. ஒரு சனிக்கிழமை கூடத் தவறவில்லை.

கால் வீங்கிய பிறகு உள்ளூரில் காட்டி, அங்கிருந்து சிதம்பரத்துக்கு அனுப்பினார்கள். கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு, இரத்தத்தில் அது கூடினால் சிறுநீரகம் வேலை செய்யவில்லை என்று பொருள்) மிகவும் கூடிவிட்டிருந்தது. செம்மங்குப்பத்து ரசாயனத் தொழிற்சாலைகளின் காற்றினாலா என்று எங்களிடம் கேட்காத ஆள் இல்லை. சிதம்பரத்து டாக்டரம்மா அப்படிச் சொல்லவில்லை. பல வருடங்களாகக் கவனிக்காமல் விட்ட இரத்தக் கொதிப்பு என்றார். இரண்டு சிறுநீரகமும் சுருங்கிவிட்டன என்று ஸ்கேனைக் காட்டினார். எனக்கு அதில் ஒன்றும் புரியவில்லை. சுருங்கிய துணியை நீட்ட முடியாது என்பது மட்டும் புரிந்தது.

முதலில் கறி, மீன், பருப்பு எல்லாவற்றையும் குறைக்கச் சொன்னார்கள். புரதம் கூடினால் சிறுநீரகத்துக்குச் சுமை என்றார்கள். சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் அது பிடித்துப்போனது. "அவுரு முன்னாடியே நிறுத்திப் பழகினாரு, ஆண்டவனே சொல்லி வெச்ச மாதிரி" என்றார்கள். எனக்கும் ஒரு பெருமை இருந்தது. இவ்வளவு கட்டுப்பாடான மனிதரை நோய் என்ன செய்துவிடும் என்று நினைத்தேன்.

நோய் கட்டுப்பாட்டைப் பார்த்து விலகவில்லை. அடுத்த வருடமே வாந்தியும் மூச்சுத் திணறலும் வந்து டயாலிசிஸ் (உடலிலிருந்து இரத்தத்தை எடுத்து, இயந்திரத்தில் சுத்தம் செய்து, திரும்ப உடலுக்குள் செலுத்துவது) தொடங்கிவிட்டது. இடது கையில் ஃபிஸ்டுலா (தமனியையும் சிரையையும் இணைக்கும் சிறிய அறுவை, அங்கேதான் ஊசி குத்துவார்கள்) வைத்தார்கள். அதன்மேல் காதை வைத்தால் உள்ளே மாவு மிஷின் ஓடுவது போலச் சத்தம் கேட்கும். நான் தினமும் காலையில் காது வைத்துக் கேட்பேன். சத்தம் இருந்தால்தான் அடுப்படிக்குப் போவேன்.

என் சிறுநீரகத்தைக் கொடுக்கிறேன் என்று சொன்னேன். எனக்குச் சர்க்கரை இருப்பதே அந்தப் பரிசோதனையில்தான் தெரிந்தது. அவருக்குக் கூடப்பிறந்தவர்கள் இல்லை. எங்களுக்குக் குழந்தையும் இல்லை. பரிசோதனை அறையை விட்டு வெளியே வந்து, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று அழுதேன். எல்லா வழியும் அடைத்துவிட்டது என்று தெரிந்தும் மறுநாள் ஜாக்கெட்டுக்குக் கொக்கி தைத்துக்கொண்டிருந்தேன். வேறு என்ன செய்வது?

செவ்வாயும் வெள்ளியும் டயாலிசிஸ். கடலூரிலிருந்து சிதம்பரத்துக்குப் பஸ். போகும்போது வீங்கிய முகத்தோடு வருவார், திரும்பும்போது பிழிந்துபோட்ட துணியாக என் தோளில் கிடப்பார். வெள்ளிக்கு அடுத்த செவ்வாய் வருவதற்குள் இருக்கும் இடைவெளிதான் பெரியது. அந்த நாள்களில்தான் உடம்பில் நீரும் உப்பும் சேர்ந்துகொண்டே போகும். அவருடைய சனிக்கிழமை அந்த இடைவெளியின் வாசலில் நின்றது. எனக்கு அது அப்போது உறைக்கவில்லை.

கவிச்சி, அதாவது கறி மீன், இல்லாத நாள் என்றால் நம் வீடுகளில் இலை நிறைய வேண்டும். முருங்கைக்கீரை, உருளைக்கிழங்கு வறுவல், தக்காளி ரசம், கடைசியில் ஒரு வாழைப்பழம். சைவம்தானே, உடம்புக்குக் குளிர்ச்சிதானே என்று எல்லோரும் நினைக்கிறோம். எந்தக் காய், எந்தப் பழம் ஆகாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லித்தான் இருந்தார்கள். மற்ற நாள்களில் காயை வேகவைத்து நீரை வடித்துப் பார்த்துப் பார்த்துச் சமைத்தேன். சனிக்கிழமை மட்டும் மனம் ஏனோ இளகிவிடும். கறியை விட்ட மனிதருக்குக் கீரை கூடவா இல்லை என்று தோன்றும்.

ஒரு சனிக்கிழமை என் தம்பி குமார் பண்ருட்டியிலிருந்து பலாப்பழத்தோடு வந்தான். "மச்சான் கவிச்சி தொடாத நாளாச்சே, அதான் பழமா எடுத்தாந்தேன்" என்று சுளையை உரித்து உரித்துக் கொடுத்தான். அவர் ஆசையாகச் சாப்பிட்டார். மறுநாள் தெருமுனையில் சீவிய இளநீரும் வந்தது.

திங்கட்கிழமை காலையில் அவரால் கட்டிலை விட்டு எழ முடியவில்லை. "வசந்தி, காலு என்னுது மாதிரியே இல்லடி" என்றார். கையை ஊன்றினார், கையும் மடங்கியது. குமார் ஒரு கார் பிடித்துவந்தான். செம்மங்குப்பம் தாண்டும்போது அந்த நெடி காருக்குள் வந்தது. எப்போதும் மூக்கைப் பொத்திக்கொள்கிற மனிதர் கையைத் தூக்காமல் படுத்திருந்தார். அவருக்காக நான் பொத்தினேன். என் உள்ளங்கையில் மூச்சு படுகிறதா என்று பார்ப்பதற்காகவும்தான்.

ஈ.சி.ஜி.யைப் பார்த்ததும் டாக்டரம்மா நரம்பில் ஊசி போடச் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"ரெண்டு நாளா என்ன சாப்புட்டாரு?"

"சனிக்கிழம கவிச்சியே தொடலீங்க மேடம். சுத்த சைவம்."

நற்சான்றுப் பத்திரம் நீட்டுகிறவள்போல இதைச் சொன்னேன்.

"என்ன சைவம்? ஒண்ணொண்ணா சொல்லுங்க."

சொன்னேன். கீரை, உருளைக்கிழங்கு, தக்காளி, பலாப்பழம், இளநீர். சொல்லச் சொல்ல அவர் முகம் மாறியது.

"அதுக்கு ரெண்டு துண்டு மீன் குடுத்திருக்கலாமேம்மா" என்றார். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

பொட்டாசியம் (காய், கீரை, பழம், இளநீரில் நிறைந்திருக்கும் தாது, சிறுநீரகம் வெளியேற்றாவிட்டால் இரத்தத்தில் தேங்கி, தசையைத் தளர்த்தி, இதயத்தையே நிறுத்திவிடும்) அளவு மீறிப்போயிருந்தது. அவசரமாக டயாலிசிஸ் செய்து மீட்டார்கள். இதைப் படிப்பவர்கள் இந்த ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். சைவமா அசைவமா என்று இந்த நோய் கேட்பதில்லை.

வீட்டுக்கு அனுப்புமுன் டாக்டரம்மா இன்னொன்றும் சொன்னார். டயாலிசிஸ் தொடங்கியவர்களுக்குப் புரதம் வெளியேறிக்கொண்டே இருக்கும். ஆல்புமின் (இரத்தத்தில் உள்ள புரதம், குறைந்தால் வீக்கமும் தளர்ச்சியும் வரும்) இவருக்கு மிகக் குறைவு. தினமும் முட்டை வெள்ளைக்கரு வேண்டும். ஒரு நாள்கூட விடக் கூடாது.

"சனிக்கிழமையுமா?" என்று அவர் படுத்தபடியே கேட்டார்.

"சனிக்கிழமையுந்தான்."

 வீட்டுக்கு வந்து முதல் சனிக்கிழமை முட்டையை வைத்தேன். தட்டை நகர்த்தி வைத்தார். அடுத்த சனிக்கிழமையும் நகர்த்தினார். நான் கத்தினேன். அண்டை வீட்டுக்குக் கேட்கிற மாதிரிக் கத்தினேன்.

"யாருக்குக் காட்டறதுக்கு இந்த வீம்பு? என்னத் தாலி அறுக்க வெக்கணும்னு பாக்கறீங்களா?"

அவருக்குக் கோபமே வரவில்லை. கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டுப் பேசினார்.

"தண்ணிய நிறுத்துனாங்க. உப்ப நிறுத்துனாங்க. பழத்த நிறுத்துனாங்க. கடையும் போச்சு. எல்லாம் அவுங்க நிறுத்துனது. நானா நிறுத்துனது இந்த ஒண்ணுதான் வசந்தி. அதையும் புடுங்கிட்டீங்கன்னா, இந்த ஒடம்புல நான்னு யாரு இருக்கா?"

 அவர் சொன்னது நியாயம். நியாயமாக இருந்து என்ன செய்ய, சட்டை வாரத்துக்கு வாரம் தொளதொளத்துக்கொண்டே போனது. நானே பக்கவாட்டில் பிடித்துப் பிடித்துத் தைத்தேன். தைக்கிற ஒவ்வொரு முறையும் அவர் இல்லாமல் போகிற அளவைத்தான் தைக்கிறேன் என்று தோன்றும்.

"தோச மாவுல அடிச்சுக் கலந்துடுக்கா. தெரியவா போவுது?" என்று குமார் சொன்னான். ஒரு சனிக்கிழமை வெள்ளைக்கருவைக் கிண்ணத்தில் அடித்தும் வைத்தேன். மாவில் ஊற்றக் கை வரவில்லை. அவர் நாக்கை ஏமாற்றிவிடலாம். அதன்பிறகு அவருடையது என்று எதுவும் இல்லாத உடம்புக்கு நான் சோறு போட்டுக்கொண்டிருப்பேன்.

கிண்ணத்தோடு போய் அவர் கட்டிலில் உட்கார்ந்தேன்.

"மாமா, உங்க சனிக்கிழமைய எனக்குக் குடுங்க."

"என்னாது?"

"நான் வெச்சிக்கிறேன். உங்களுக்குப் பதிலா நான் திங்காம இருக்கேன். நீங்க முட்ட சாப்புடுங்க."

அவர் சிரித்துவிட்டார். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு வந்த சிரிப்பு. "நீயா? பக்கத்துத் தெருவுல கருவாடு சுட்டா இங்க தட்டு எடுத்து வெக்கிறவ நீ."

"அதனாலதான். எனக்கு அது கஷ்டம். கஷ்டமா இருந்தாத்தான கட்டுப்பாடு? நீங்கதான சொன்னீங்க?"

என் கையிலிருந்த கிண்ணத்தை வாங்கிப் பார்த்தார்.

"சரி, வெச்சிக்க. ஆனா ஒடம்பு தேறிச்சின்னா எனக்குத் திருப்பிக் குடுத்துடணும். நான் வாங்கிக்கிட்டா நீ அன்னைலேர்ந்து திங்கணும். ரெண்டு பேரும் வெச்சிக்கறது ஊருக்குக் காட்டறது. ஒருத்தர் வெச்சிக்கிட்டா போதும்."

அன்று வெள்ளைக்கருவைச் சாப்பிட்டார். மிளகுத்தூள் போட்டுக் கொடுத்தேன். நான் தண்ணீர் வடித்த காயும் சோறும் சாப்பிட்டேன். அதன்பின் வந்த சனிக்கிழமைகளில் எனக்கு எவ்வளவு ஆத்திரம் வரும் தெரியுமா? தெருவில் மீன் வறுக்கிற வாசனை வந்தால் மிஷினை வேகமாக மிதிப்பேன். அவர் கட்டிலிலிருந்து, "என்னா, நூலு அறுவுது போல" என்பார். அவருடைய வருடங்களை அப்போதுதான் நான் புரிந்துகொண்டேன். ஆல்புமின் கொஞ்சம் ஏறியது. எழுந்து கடைவரை நடந்துபோய்விட்டு வந்தார். இரண்டு ஆண்டுக்கு மேல் அப்படி ஓடியது. அதை மீட்சி என்று சொல்லமாட்டேன். தவணை என்று சொல்லலாம்.

2011 கடைசியில் 'தானே' என்ற புயல் அடித்தது. அது வெள்ளிக்கிழமை விடியற்காலை. அவருடைய டயாலிசிஸ் நாள். காற்று அடங்கி வெளியே வந்து பார்த்தால் தெருவே இல்லை. மரமும் கம்பமும் கம்பியும் தகரமும்தான் கிடந்தன. போன் இல்லை, கரண்ட் இல்லை, பஸ் இல்லை. குமார் யார் யாரிடமோ ஓடிவிட்டு, "சிதம்பரம் ரோடு மொத்தமும் மரம்க்கா" என்று வந்து நின்றான். அவர் ஏற்கெனவே வீங்கியிருந்தார். நான் காலைத் தொட்டுப் பார்க்கவில்லை. குழி விழும் என்று தெரியும்.

சனிக்கிழமை மத்தியானம் முட்டையை அவித்துக்கொண்டு போனேன். அவர் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். படுத்தால் மூச்சு முட்டியது.

"இன்னைக்கு சனிக்கெழமதான?"

"ஆமா."

"எனக்குத் திருப்பிக் குடுத்துடு."

 "ஒடம்பு தேறினாத்தான்னு சொன்னீங்க."

"தேறிடுச்சுன்னு வெச்சிக்கயேன்."

வேண்டாம் என்று கெஞ்சினேன். நாளைக்கு ரோடு விட்டுவிடும், போய்விடலாம், அதுவரைக்கும் சாப்பிடுங்கள் என்றேன். அவர் கை நீட்டி என் கையிலிருந்த தட்டை வாங்கிக் கட்டிலடியில் வைத்தார். பிறகு, "பேசுன பேச்சு ஞாபகம் இருக்குதுல்ல? நீ திங்கணும்" என்றார்.

மீன் எங்கே கிடைக்கும்? கடல் பக்கமே யாரும் போகவில்லை. டப்பாவில் கொஞ்சம் கருவாடு இருந்தது. சுட்டேன். புகை வீடு முழுக்கச் சுற்றியது. அவர் எதிரில் உட்கார்ந்து சோற்றோடு பிசைந்து தின்றேன். அழுதுகொண்டேதான் தின்றேன். அவர் இரண்டு வாய் ரசம் சாதம் சாப்பிட்டார். மூக்கை உறிஞ்சி, "வாசன நல்லாத்தான்டி இருக்குது" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை ஆட்கள் வெட்டி ஒதுக்கிய வழியில் ஒரு வேன் பிடித்துச் சிதம்பரம் போய்ச் சேர்ந்தோம். உடனே இயந்திரத்தில் இணைத்தார்கள். செய்ய வேண்டிய எல்லாவற்றையும் செய்தார்கள். பாதியில் இதயம் நின்றுவிட்டது. வெளியே நான் அவருடைய செருப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். டாக்டரம்மா வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தபோதே தெரிந்துவிட்டது.

"நேத்து முட்ட சாப்புடல மேடம். அதனாலயா?"

"இல்லம்மா. ஒரு நாள் முட்டையில ஒண்ணும் இல்ல. இதயம் ரொம்ப நாளாவே பலவீனம். நீங்க இவ்ளோ நாள் இழுத்துட்டு வந்ததே பெருசு."

நான் அவரை நம்புகிறேன். சில நாள் நம்பாமலும் இருக்கிறேன்.

இப்போது என் வாரம் செவ்வாயிலும் வெள்ளியிலும்தான் விழித்துக்கொள்கிறது. அந்த இரண்டு காலையிலும் கை தானாகப் பையைத் தேடுகிறது. பக்கத்தில் காது வைத்துக் கேட்க ஒன்றும் இல்லை. அவர் கண்ணில் படாமல் தண்ணீர் குடித்துப் பழகிய உடம்பு இது. இன்றும் சொம்பை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போய்த் திரும்பி நின்றுதான் குடிக்கிறேன். தாகம் தீர்ந்தால் ஏதோ திருடிவிட்டது போல இருக்கிறது.

குமார் ஒருநாள் சொன்னான். "மச்சான் நெனப்பா அந்த சனிக்கெழமைய நீ வெச்சிக்கயேன்க்கா." சொந்தத்தில் எல்லோரும் அதைத்தான் எதிர்பார்த்தார்கள். வெச்சிக்க முடியாதுடா, என்னுது இல்ல என்று சொல்லிவிட்டேன். அவனுக்குப் புரியவில்லை.

சென்ற சனிக்கிழமை தேவனாம்பட்டினத்து மீன்காரம்மா தெருவுக்கு வந்தார். எல்லா வீட்டிலும் கூடையை இறக்கியவர் என் வாசலை மட்டும் தாண்டிப் போனார். கூப்பிட்டேன்.

"இன்னைக்கு சனிக்கெழமயாச்சேக்கா, நீ வாங்கமாட்டல்ல?"

"இப்ப வாங்குவேன். அவுங்க திருப்பி வாங்கிக்கிட்டாங்க."

என்ன சொல்கிறேன் என்று அவர் கேட்கவில்லை. நல்லதாகப் பார்த்து இரண்டு சங்கரா எடுத்துப் போட்டார். ஆய்ந்து, கழுவி, குழம்பு வைத்தேன். ஒரே தட்டு எடுத்து வைத்து உட்கார்ந்தேன். முதல் வாயை மெதுவாக மென்று விழுங்கினேன். முள்ளை ஓரமாக எடுத்து வைத்துவிட்டு அடுத்த வாயைப் பிசைந்தேன்.